மெடிக்கல் கோடிங்: யூரோசெப்சிஸ் சார்ட்ல ஏ41.9 போட்டேன், ஆடிட்ல எரர். அவசரம்!

தூங்காத கோடர்: அமெரிக்க சார்ட். டாக்டர் யூரோசெப்சிஸ்னு எழுதியிருக்கார். காய்ச்சல் 102.4, நாடி 118, வெள்ளையணு 19,000, கல்ச்சர் (கிருமி டெஸ்ட்) கூட இருக்கு. செப்சிஸுக்கான (தொற்றால உடம்பே ஆபத்துக்குப் போற நிலை) கோட் ஏ41.9 போட்டது எப்படித் தப்பாகும்? ரீபட்டல் (எரருக்கு மறுப்பு) சாயங்காலம் 6 மணிக்குள்ள போகணும்.

வடபழனி வாசி: இன்பேஷன்ட்டா, இ.டி.யா (எமர்ஜென்சி)? அதை முதல்ல சொல்லுங்க.

சார்ட் ராணி: எந்த கல்ச்சர், யூரினா பிளட்டா? பிளட் நெகட்டிவா இருந்தாலும் செப்சிஸ் இல்லைன்னு ஆயிடாது. டிஸ்சார்ஜ் சம்மரி வரியை அப்படியே போடுங்க.

டி.ஆர்.ஜி. தாஸ்: சீக்வென்சிங்தான், அதாவது கோட் வரிசை. சிறுநீர்த் தொற்றுக்கான என்39.0-ஐ மேல போட்டிருப்பீங்க. என்கிட்ட வர்ற எரர்ல பாதி இதான்.

பழைய புலி: ஐசிடி-10 கோடிங் கைட்லைன்ல முதல் அத்தியாயத்தைப் புரட்டியிருந்தா இந்த இழையே வேண்டாம் தம்பி. பழைய ஐசிடி-9ல யூரோசெப்சிஸுக்கு 599.0 (சிறுநீர்த் தொற்று) இருந்துச்சு. 2015 அக்டோபர் 1-ல ஐசிடி-10 வந்ததோட அந்தக் கதை முடிஞ்சுது. வெறும் சிறுநீர்த் தொற்றா, செப்சிஸான்னு தெளிவில்லாத சொல்லுங்கிறதால, இப்ப யூரோசெப்சிஸுக்கு டீஃபால்ட் கோடே கிடையாது, டாக்டருக்கு க்வெரி (விளக்கம் கேட்டு கேள்வி) போட்டே ஆகணும். லேப் நம்பரை வச்சு வியாதி முடிவு பண்ண நாம யாரு?

சார்ட் ராணி: விஷயம் சரி, அதைக் கொஞ்சம் தன்மையா சொல்லலாமே சார். தம்பி, "செப்சிஸ்தானே டாக்டர்?"னு கேட்டுடாதீங்க, பதிலை நாமளே எடுத்துக் கொடுக்கிற லீடிங் கேள்வி ஆயிடும். காய்ச்சல், நாடி, கல்ச்சர் எல்லாத்தையும் எழுதிட்டு, "யூரோசெப்சிஸ் என்பதால் எதைக் குறிக்கிறீர்கள்? சிறுநீர்த் தொற்றால் வந்த செப்சிஸ் / செப்சிஸ் இல்லாத சிறுநீர்த் தொற்று / வேறு / தீர்மானிக்க இயலவில்லை" அப்படின்னு இங்கிலீஷ்ல கேளுங்க. டி.ஆர்.ஜி. (பில் தொகையை முடிவு பண்ற குரூப்) 871, 690னு பணப் பேச்சே வரக்கூடாது.

வடபழனி வாசி: செப்சிஸ்னே எழுதிக் கொடுத்தாலும் சோஃபா ஸ்கோர் (உறுப்பு பாதிப்பை அளக்கிற ஸ்கோர்) 2 ஏறலேன்னா இன்சூரன்ஸ்காரன் பணம் தரமாட்டேன்னு டினை பண்ணுவான்.

பழைய புலி: டினையல் வேற, கோடிங் வேற. டாக்டர் எழுதினா கோட் பண்ணணும், கைட்லைன்ல 1.ஏ.19 பாருங்க.

வடபழனி வாசி: அப்பீல் லெட்டர் எழுதுறது நான். 2016ல செப்சிஸ்-3ங்கிற புது வரையறை வந்ததுலேருந்து படுற பாடு எனக்குத்தான் தெரியும்.

பயோடெக் பாவம்: நான் பி.எஸ்ஸி. பயோடெக். சோஃபான்னா இன்னும் உட்கார்றதுதான் ஞாபகம் வருது.

பழைய புலி: அதான் ஆடிட்ல தெரியுதே.

பயோடெக் பாவம்: சார், போன மாசம் உங்க குவாலிட்டி ஸ்கோர் எவ்வளவு?

தூங்காத கோடர்: சாரி, ஷிப்ட்ல இருந்தேன். இன்பேஷன்ட்தான். சம்மரியில "ப்ராபபிள் (அநேகமா) யூரோசெப்சிஸ்"னு இருக்கு. ப்ராபபிள் முக்கியமில்லைன்னு விட்டுட்டேன்.

சார்ட் ராணி: அடப்பாவி! அதுவே "ப்ராபபிள் செப்சிஸ்"னு இருந்திருந்தா, இன்பேஷன்ட்டுக்கு ஏ41.9 நின்னிருக்கும். யூரோசெப்சிஸுக்கு முன்னாடி ப்ராபபிள் வந்தாலும் அது யூரோசெப்சிஸ்தான். க்வெரியே வழி.

தூங்காத கோடர்: ரீபட்டலைக் கைவிட்டுட்டேன். ஆஸ்பத்திரியில டாக்டர் குறிப்புகளைச் சரிபார்க்கிற சிடிஐ டீம் வழியா க்வெரி போயாச்சு, சார்ட் ஹோல்டுல. நன்றி அக்கா.

டி.ஆர்.ஜி. தாஸ்: எதுக்கும் சீக்வென்சிங்கை ஒரு தடவை பார்த்துடுங்க.