இடர் அறிக்கைப் பெட்டி ஏன் காலியாகவே இருக்கிறது?

தரைப்பொறியாளன் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். விமானப் பராமரிப்பு நிறுவனமொன்றில் பதினொரு ஆண்டுகள் ஹேங்கரில் (விமானங்களைப் பழுதுபார்க்கும் கொட்டகையில்) வேலை பார்த்த நான், எட்டு மாதங்களுக்கு முன் அங்கேயே பாதுகாப்புப் பிரிவுக்கு மாற்றப்பட்டேன். கையேடு, கொள்கை அறிக்கை, இடர்ப் பதிவேடு, மூன்று மாதத்துக்கொரு முறை கூடும் குழு எனத் தணிக்கைக்கு வருபவர் கேட்பவை யாவும் எங்களிடம் உள்ளன. ஆனால் விபத்துக்கு வழிவகுக்கக்கூடிய எதையாவது கண்டவர் எழுதிப் பெட்டியில் போடும் இடர் அறிக்கைகள் சென்ற காலாண்டில் நான்கே நான்குதான் வந்தன. அவற்றில் இரண்டு கேன்டீன் தரை வழுக்குகிறது என்பவை. இரவு ஷிப்டில் நடப்பவை எனக்குத் தெரியும். அவற்றில் ஒன்றுகூடத் தாளுக்கு வருவதில்லை. பெயரில்லாமலும் எழுதலாம் என்று சுற்றறிக்கை அனுப்பியும் பயனில்லை. வேறு என்ன செய்யலாம்?

ஓய்வுபெற்ற இன்ஸ்பெக்டர்:

புதிய அறிக்கைகளுக்காகக் காத்திருக்குமுன், பழையவை எந்தச் சொற்களால் முடித்துவைக்கப்பட்டன என்று பாருங்கள். நான் வேலை பார்த்த இடத்தில், இன்ஜினுக்கு அருகே நிறுத்தும் மேடையின் சக்கர பிரேக் பிடிப்பதில்லை என்று ஒரு மெக்கானிக் எழுதிக் கொடுத்தார். மூன்று வாரத்தில் அந்த அறிக்கை, ‘பணியாளர்கள் கவனமாக இருக்குமாறு அறிவுறுத்தப்பட்டது’ என்ற குறிப்போடு மூடப்பட்டது. பிரேக் அப்படியே இருந்தது. சக்கரத்துக்கு அடியில் மரக்கட்டை வைத்து வேலை செய்தோம். அந்த மெக்கானிக் அதன் பிறகு எதையும் எழுதவில்லை, எழுதச் சொல்லும் துணிவு எனக்கும் இல்லை.

விபத்து அறிக்கை வாசகர்:

ஐயா சொன்ன மேடை எனக்கு 1990 ஜூன் 10 அன்று நடந்ததை நினைவூட்டுகிறது. பர்மிங்ஹாமிலிருந்து கிளம்பிய பிரிட்டிஷ் ஏர்வேஸ் 5390 விமானத்தின் முன்கண்ணாடி நடுவானில் பிய்த்துக்கொண்டு போக, கேப்டனின் உடலில் பாதி வெளியே இழுக்கப்பட்டது. பணியாளர்கள் அவரைப் பிடித்துக்கொள்ள, துணை விமானி சவுத்தாம்ப்டனில் இறக்கினார். கேப்டன் உயிர் பிழைத்தார். கண்ணாடியைப் பொருத்திய 90 போல்ட்டுகளில் 84 தேவையான விட்டத்தைவிடச் சற்றே மெலிந்தவை, மீதி 6 நீளம் குறைந்தவை.

போல்ட்டை மாற்றிப் போட்டவரைத் தண்டித்தால் விஷயம் முடிந்துவிடும் என்று தோன்றும். ஆனால் ஆள் பற்றாக்குறையால் ஷிப்ட் மேலாளரே இரவில் தனியாக அந்த வேலையைச் செய்தார். பழைய போல்ட்டோடு கண்ணால் ஒப்பிட்டுப் புதியதை எடுத்தார். மேடை சரியாக எட்டாததால் விமானத்தின் மூக்குப் பகுதியின் மேல் சாய்ந்தபடி முடுக்கினார். இரண்டாமவர் சரிபார்க்க வேண்டிய வேலைகளின் பட்டியலில் கண்ணாடி இல்லை. இவற்றுள் எதுவும் அன்றிரவு புதிதாக முளைத்ததல்ல. அவர் கழற்றிய பழைய போல்ட்டுகளே தவறான அளவுடையவை என்பது எனக்கு இன்றும் ஆறாத விஷயம். உங்கள் பெட்டிக்கு வர வேண்டியவை இத்தகைய சங்கதிகள்தான்.

தர உறுதிப் பிரிவு:

பெயரில்லா அறிக்கையை நான் ஆதரிக்கவில்லை. எழுதியவர் யாரென்று தெரியாவிட்டால், எந்த விமானம், எந்த நேரம், எந்தக் கருவி என்று திரும்பக் கேட்க வழியில்லை. அமெரிக்காவில் 1976 முதல் நடைபெறும் விமானப் பாதுகாப்பு அறிக்கைத் திட்டத்தில், தண்டிக்கும் அதிகாரமுள்ள எஃப்.ஏ.ஏ. (அந்நாட்டு விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பு) அறிக்கைகளை வாங்குவதில்லை, நாசா வாங்குகிறது. விவரம் கேட்டு முடித்தபின், பெயருள்ள துண்டைக் கிழித்து எழுதியவருக்கே அனுப்பிவிடுகிறது. உங்கள் நிறுவனத்திலும் அறிக்கை முதலில் போய்ச் சேருவது ஷிப்ட் மேலாளரின் மேசையாக இருக்கக் கூடாது. ஆனால் தெரிந்தே செய்யாத சோதனைக்குக் கையொப்பமிட்டவரை இந்தப் பாதுகாப்பு காக்க வேண்டியதில்லை. அதை முன்கூட்டியே எழுத்தில் சொல்லிவிடுங்கள்.

தரைப்பொறியாளன்:

நன்றி. இன்று பழைய கோப்புகளைப் புரட்டினேன். பாதிக்கும் மேல் ‘அறிவுறுத்தப்பட்டது’ என்றே மூடப்பட்டுள்ளன. அவற்றில் இரண்டு, ஹேங்கரில் இருந்தபோது நானே எழுதியவை, எழுதியதையே மறந்திருக்கிறேன். ஒன்று, ஹேங்கரில் விமானத்தின் வால் நிற்கும் பக்கத்து விளக்கு இரண்டாண்டாக எரியவில்லை என்பது. அதை மாற்றுவதற்கான கோரிக்கையில் நாளைக் காலை நிர்வாகத் தலைவரிடம் கையொப்பம் கேட்கப் போகிறேன். விளக்கு எரியத் தொடங்கியபின், அறிக்கையின் நகலைத் தேதியோடு வருகைப்பதிவு இயந்திரத்தின் அருகே ஒட்டுவேன்.