காஸ்டெல்லோ வி8 என்கிறார்கள், எப்படி நம்புவது?

வணக்கம் நண்பர்களே. இங்கிலாந்தில் 1972 எம்ஜிபி ஜிடி (எம்ஜி கம்பெனியின் கூப்பே கார்) ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. எம்ஜிபி கார்களில் வி8 (எட்டு சிலிண்டர்) இன்ஜின் பொருத்திக் கொடுத்த கென் காஸ்டெல்லோ கையால் ரோவர் 3.5 லிட்டர் வி8 மாற்றியது என்பது விற்பவர் பேச்சு. விலையும் அதற்கேற்ற உயரம்.

எம்ஜி கம்பெனியே வி8 போட்டது 1973 முதல் 1976 வரைதான், மொத்தம் 2591 வண்டி. அவற்றின் சேஸிஸ் எண் ஜிடி2டி1 என்று தொடங்கும். இதில் ஜிஎச்டி5 இருக்கிறது. அதனால் கம்பெனி வி8 இல்லை என்பது மட்டும் உறுதி. ஆனால் காஸ்டெல்லோ செய்ததா, பின்னாளில் யாரோ ஷெட்டில் மாற்றியதா? பானட் மேட்டையும் பேட்ஜையும் யாரும் ஒட்டிவிடலாம். அந்தக் கால பில்லோ, பதிவுச் சான்றில் இன்ஜின் கொள்ளளவு மாறிய தேதியோ இல்லாமல் அந்தப் பெயருக்குக் காசு கொடுக்க மனமில்லை.

பார்க்க நினைப்பவை: கதவுக்குக் கீழே ஓடும் சில் (sill) பகுதியில் துரு (ஜாக்கியில் தூக்கும்போது கதவு இடைவெளி குறுகினால் உள்ளே துருப்பிடித்துப் போயிற்று), துருவை மறைக்கப் பூசிய, காந்தம் ஒட்டாத பட்டி, பழைய நான்கு சிலிண்டர் கியர்பாக்ஸே இருக்கிறதா என்பது. வி8 டார்க்குக்கு (முறுக்கு விசைக்கு) அது எவ்வளவு தாங்கும் என்பது சந்தேகம். ரோவர் ஐந்து கியர் பெட்டி மாற்றியிருந்தால் ஓட்ட சுகம், மதிப்பு?

டிராஃபிக்கில் நிற்கும்போது சூடு ஏறுமாம், ரேடியேட்டர் எது போட்டிருக்க வேண்டும்? பின் ஆக்சில் விகிதம் (வீல் ஒரு சுற்றுக்கு புரொப்பல்லர் ஷாஃப்ட் எத்தனை சுற்று என்பது) 3.07தானா என்று வீல் சுற்றி எண்ணிப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.