நாரைச் சின்னம்: கொஞ்சம் யோசனை சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. பாளையங்கோட்டையில் எங்கள் மைனி சின்னதாக ஒரு கஃபே திறக்கப் போகிறார்கள். லோகோ வரையும் பொறுப்பு என்னுடையது. பூனை, பாண்டா, ஆந்தை எல்லாம் எங்கே பார்த்தாலும் இருக்கிறது. நம்ம பக்கத்து உயிராக இருக்கட்டும் என்று கூந்தன்குளத்து மஞ்சள் மூக்கு நாரையை எடுத்திருக்கிறேன். ஊர்க்காரர்கள் தீபாவளிக்கு வெடிகூட வெடிக்காமல் காக்கிற பறவைகள் அவை.

அது இரை தேடுவதே தனி அழகு. அலகைப் பாதி திறந்தபடி தண்ணீருக்குள் விட்டு, தலையை அங்கும் இங்கும் ஆட்டிக்கொண்டே நடக்கும்; மீன் பட்டதும் கப்பென்று மூடிக்கொள்ளும். அந்தக் கோலத்திலேயே வரைந்தேன், குளத்துக்குப் பதில் டவரா டம்ளர். பெரிய போர்டில் அருமையாக வருகிறது.

சிக்கல் பேப்பர் கப்பில்தான். கட்டுப்படியாகிற செலவில் ஒரே நிறத்தில்தான் அச்சடிக்க முடியும். வாலருகே உள்ள ரோஸும் அலகின் மஞ்சளும் போனால், பார்க்கிறவர்கள் கொக்கு என்கிறார்கள். நுனியில் லேசாக வளைந்த அலகு, இறகில்லாத முகம், மார்பின் குறுக்கே கறுப்புப் பட்டை: எதைத் தூக்கிக் காட்டினால் அடையாளம் நிற்கும்? அலகை இன்னும் வளைத்தால் பூநாரை ஆகிவிடுகிறது.

அப்புறம் எழுத்து. கடைப் பெயரைத் தமிழில் கையால் எழுத ஆசை. நீளக் கால்களுக்குப் பக்கத்தில் தடித்த எழுத்து எடுபடுமா, மெல்லிய கோடா?

லோகோ வேலை தெரிந்தவர்கள் சொல்லுங்கள். கூந்தன்குளத்தில் படம் எடுத்தவர்கள், பார்த்து வரைய ஒன்றிரண்டு தந்தால் பெரிய உதவி.