மலையில் கேமரா தூக்க ஆசை: வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. திருமணம், விளம்பரம் என்று படம்பிடித்துக்கொண்டிருக்கிறேன். மலையேற்றப் படப்பிடிப்புக்கு மாற வேண்டும் என்ற ஆசை விடாமல் அரிக்கிறது.

காரணம் டேவிட் பிரஷியர்ஸ். 1996 மே மாதம் சுமார் 19 கிலோ எடையுள்ள ஐமேக்ஸ் கேமராவை எவரெஸ்ட் உச்சிக்குக் கொண்டுபோய்ப் படம்பிடித்த குழுவின் தலைவர். ஒரு சுருள் ஃபிலிம் ஒன்றரை நிமிடம்தான் ஓடும். கையுறையோடு சுருளை மாட்ட முடியாது என்பதால் அந்தக் குளிரிலும் வெறுங்கையால் மாட்டினாராம். மனிதர் முதலில் மலையேற்ற வீரர், பிறகுதான் ஒளிப்பதிவாளர். எனக்கோ கதை தலைகீழ்!

எனவே கேட்கிறேன். டார்ஜிலிங், உத்தரகாசி மலையேற்றப் பயிற்சி நிறுவனங்களில் அடிப்படைப் பயிற்சி முடித்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? அதை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு குழுவில் உதவி ஒளிப்பதிவாளராகச் சேர முடியுமா, அல்லது மேல்நிலைப் பயிற்சியும் கேட்பார்களா? கயிற்றில் தொங்கியபடி படமெடுக்கத் தனியாக எங்கே கற்றுத்தருகிறார்கள்?

பேட்டரியைச் சட்டைக்குள் வைத்துச் சூடாகக் காப்பதும், குளிரிலிருந்து கூடாரத்துக்குள் வரும்போது லென்ஸில் நீர் கோக்காமலிருக்கக் கேமராவைப் பையில் இறுக மூடிக் கொண்டுவருவதும் தெரியும். தெரியாதது பிழைப்பு: காப்பீடு யார் பொறுப்பு, வானிலை கெட்டுப் படப்பிடிப்பு நின்றால் அந்த நாட்களுக்குச் சம்பளம் உண்டா? ஒரு தயாரிப்பாளரிடம் கேட்டேன், சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றிவிட்டார்.

அனுபவப்பட்டவர்கள் சொன்னால் பேருதவி. "வேண்டாம், விட்டுவிடு" என்பதானாலும் காரணத்தோடு சொல்லுங்கள்.