கம்பெனி எஸ்எம்எஸ்ஸுக்கு 5 பைசா வரி போட்டால் கஜானாவுக்கு ஏதாவது தேறுமா?

தணிகை_பெரம்பூர்
ரொம்ப நாளாக மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கும் யோசனை. கம்பெனிகள் மொத்தமாக அனுப்பும் எஸ்எம்எஸ் ஒவ்வொன்றுக்கும் 5 பைசா வரி. தனி ஆட்கள் அனுப்புவதைத் தொடவே வேண்டாம். 'உங்களுக்கு 5 லட்சம் லோன் ரெடி', 'செங்கல்பட்டு பைபாஸ் அருகே டிடிசிபி மனை', 'அட்சய திருதியைக்கு முன்பதிவு' என்று நாள் முழுக்க போனை அலறவிடுகிறவர்கள் தரட்டும். 5 பைசாவால் எந்த லோன் கம்பெனியும் திவாலாகாது. வருகிற காசை சென்னை மழைநீர் வடிகாலுக்குக் கொடுக்கலாம். தமிழக அரசு இதை ஏன் யோசிக்கக் கூடாது?

மாம்பலம்_ஆடிட்டர்
தணிகை சார், தமிழக அரசு யோசிக்கலாம், ஆனால் போட முடியாது. தபால், தந்தி, தொலைபேசி எல்லாம் அரசியல் சட்டத்தில் மத்தியப் பட்டியலில் இருக்கிறது. மாநிலங்கள் சிம் கார்டுக்கும் தொலைபேசி இணைப்புக்கும் விற்பனை வரி கேட்டுப் பார்த்தன. 2006ல் பிஎஸ்என்எல் வழக்கில் உச்ச நீதிமன்றம், காற்றில் போகும் அலை விற்பனைப் பொருள் ஆகாது என்று சொல்லிக் கதவைச் சாத்தியது. அதனால் உங்கள் 5 பைசா டெல்லிக்குத்தான் போகும். வடிகால் கனவை இப்போதே தனியாக எடுத்து வைத்துவிடுங்கள்.

இன்னொன்று. தொலைபேசிக்கு ஏற்கெனவே வரி இருக்கிறது. 1994ல் மன்மோகன் சிங் முதன்முதலில் சேவை வரி கொண்டுவந்தபோது மாட்டிய மூன்று சேவைகளில் ஒன்று தொலைபேசி. அன்றைக்கு 5 சதவீதம். இன்றைக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். கம்பெனி வாங்கும் எஸ்எம்எஸ்ஸுக்கும் அதே 18 உண்டு.

ராயபுரம்_ரீசார்ஜ்
நான் கடைல உக்காந்து பாத்தத சொல்றேன். முன்ன எஸ்எம்எஸ் பேக்னு ஒண்ணு விப்போம். காலேஜ் பசங்க அதுக்குன்னே வருவானுங்க. ஆனா தீபாவளி, நியூ இயர்னா பேக் செல்லாது, 'பிளாக்அவுட் டே'ன்னு சொல்லிட்டு மெசேஜுக்கு ஃபுல் ரேட் எடுத்துருவான். ஜனம் என்ன பண்ணுச்சு? முந்தின நாள் ராத்திரி பதினோரு மணிக்குள்ள வாழ்த்த அனுப்பி முடிச்சிருச்சு. 😀 அரைக் காசு ஏத்தினாலும் நம்மாளு சந்து கண்டுபிடிச்சிருவான்.

இப்ப முக்கால்வாசி ரீசார்ஜுக்கு தினம் 100 எஸ்எம்எஸ் சும்மா தர்றான், அனுப்பத்தான் ஆளில்ல. கஸ்டமர் எஸ்எம்எஸ் அனுப்பி நான் பாக்கறது ரெண்டே நேரம்: நம்பர மாத்தாம வேற கம்பெனிக்குப் போக 1900க்கு போர்ட் மெசேஜ் போடறப்ப, போன் மாத்தி யுபிஐ ஆப் போடறப்ப அதுவா ஒண்ணு போறப்ப. ஜனங்க மேல வரி போட்டா பூஜ்யம். அந்த வகையில தணிகை அண்ணன் கம்பெனிய புடிச்சது கரெக்ட்டு.

தணிகை_பெரம்பூர்
ஆடிட்டர் சார், டெல்லிக்கே போகட்டும், பொதுப்பணம்தானே. இதில் வசூல் எவ்வளவு சுலபம் என்று பாருங்கள். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2018 விதிமுறைப்படி மொத்தமாக எஸ்எம்எஸ் அனுப்புகிறவர்கள் எல்லோரும் டிஎல்டி என்ற கம்ப்யூட்டர் பதிவேட்டில் பெயர், அனுப்பும் வாசகம் இரண்டையும் பதிந்தாக வேண்டும். பதியாத வாசகம் வழியிலேயே வெட்டப்படும். 2021 மார்ச்சில் அந்தச் சல்லடையை முதலில் ஓடவிட்டபோது வங்கி ஓடிபி எல்லாம் நின்றுபோய், ஒரு வாரம் நிறுத்தி வைத்தார்களே, ஞாபகம் இருக்கும். 2025 திருத்தத்துக்குப் பிறகு அனுப்புநர் பெயருக்குப் பின்னால் பி என்றால் விளம்பரம், எஸ் என்றால் சேவை, டி என்றால் பரிவர்த்தனை, ஜி என்றால் அரசு என்று எழுத்தே ஒட்டி வருகிறது. எண்ணிக்கை, வகை, ஆள் எல்லாம் கம்ப்யூட்டரில் இருக்கிறது. புதிதாக ஒரு குமாஸ்தா கூட வேண்டாம்.

ஒரு விஷயம் இங்கே பலருக்குத் தெரியாது. இப்போதே இந்த மெசேஜ்களுக்கு 5 பைசா வரை கட்டணம் வைத்துக்கொள்ள டிராய் அனுமதித்திருக்கிறது. நம் போனுக்குக் கொண்டுவந்து சேர்க்கும் தொலைபேசிக் கம்பெனி அதை வாங்கிக்கொள்கிறது. தொல்லை நமக்கு, காசு அவர்களுக்கு. அந்த இடத்தில் அரசு நின்றால் என்ன குறை?

மீனா_திருவொற்றியூர்
கடைசியில் நிற்கிறவர்களைப் பற்றி யாருமே பேசவில்லையே. என் அம்மாவின் பாஸ்புக்கில் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை 17.70 என்று ஒரு வரி விழும். எஸ்எம்எஸ் கட்டணம் 15 ரூபாய், அதற்கு ஜிஎஸ்டி 2.70. அம்மா கணக்கில் மாதம் ஒரு தடவை முதியோர் பணம் ஏறும், ஒரு தடவை எடுப்பார். மாதம் இரண்டு மெசேஜ், காலாண்டுக்கு ஆறு. ஒரு மெசேஜ் கிட்டத்தட்ட மூன்று ரூபாய்! மொத்தமாக வாங்கும் இடத்தில் அது இருபது பைசா கூட ஆகாது. இதில் 5 பைசா வரி போட்டால் வங்கி தன் கையிலிருந்து கட்டுமா? 17.70 அடுத்த வருஷம் 20 ஆகும், அவ்வளவுதான். 'கம்பெனி கட்டட்டும்' என்று சொல்வதற்கு நன்றாக இருக்கிறது.

ரேஷன் கடையில் பொருள் வாங்கினால் வருகிறதே, அரிசி இவ்வளவு, சர்க்கரை இவ்வளவு என்று, அதற்கும் வரியா? வாங்காத பருப்பை வாங்கியதாக எழுதினால் அந்த மெசேஜை வைத்துத்தான் சண்டை போடுகிறோம்.

தணிகை_பெரம்பூர்
மேடம், ரேஷன் மெசேஜ் அரசு அனுப்புவது, அதற்கு விலக்கு கொடுத்துவிடலாம். வங்கி தகவல், ஓடிபி எதற்கும் வேண்டாம். பி என்று முடிகிற விளம்பரத்துக்கு மட்டும்.

மாம்பலம்_ஆடிட்டர்
விலக்கு கொடுக்க ஆரம்பித்தாயிற்றா? இனி கணக்கைப் போடுவோம். முதலில் விலக்கே இல்லாமல். நாட்டில் 100 கோடி போன், ஆளுக்குத் தினம் ஒரு கம்பெனி மெசேஜ் என்று வைத்துக்கொள்வோம். இது என் அனுமானம், கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள். 5 பைசா வீதம் நாளுக்கு 5 கோடி ரூபாய், வருஷத்துக்கு 1,825 கோடி. 2024-25ல் மொத்த ஜிஎஸ்டி வசூல் 22.08 லட்சம் கோடி, அதாவது நாளுக்கு ஆறாயிரம் கோடி. உங்கள் ஒரு வருஷ வரி, ஜிஎஸ்டியின் ஏழேகால் மணி நேர வசூல்.

அதில் தமிழ்நாட்டுக்கு? 2021-26க்கான 15ஆம் நிதிக்குழு கணக்கில் மத்திய வரியில் மாநிலங்களுக்கு 41 சதவீதம், அதில் நமக்கு 4.079 சதவீதம். போட்டுப் பாருங்கள், 30 கோடி சொச்சம். அதுவும் 'செஸ்', அதாவது தனிக் காரியத்துக்கான மேல்வரி, என்று பெயர் வைத்துவிட்டால் மாநிலங்களுக்குப் பங்கே கிடையாது. விளம்பரத்துக்கு மட்டும் என்றால் இந்த முப்பதும் சுருங்கும்.

சின்ன வரி என்றாலே நான் எதிரி என்று நினைக்க வேண்டாம். ப. சிதம்பரம் அடுத்தடுத்த வருஷங்களில் இரண்டு சின்ன வரிகள் கொண்டுவந்தார். 2004 பட்ஜெட்டில் பங்குப் பரிவர்த்தனை வரி, 2005 பட்ஜெட்டில் வங்கியிலிருந்து பெரிய தொகை ரொக்கமாக எடுத்தால் 0.1 சதவீத வரி. முதலாவது இன்றும் ஓடுகிறது: பங்குச் சந்தை என்ற ஒரே வாசலில் வசூல், ஒவ்வொரு கைமாற்றிலும் பெரும் பணம். இரண்டாவதை 2009 ஏப்ரலில் எடுத்தே விட்டார்கள். எஸ்எம்எஸ்ஸுக்கு வாசல் இருக்கிறது, அதன் வழியே போகும் பணம்தான் இல்லை.

துரைப்பாக்கம்_டெவ்
பாஸ், நடைமுறைச் சிக்கல் ஒன்று. நாங்கள் சின்ன கிளினிக்குகளுக்கு அப்பாயின்ட்மென்ட் சாஃப்ட்வேர் செய்கிறோம். 'நாளை பத்து மணிக்கு டாக்டர்' என்பது சேவை. அதோடு 'முழு உடல் பரிசோதனைக்குத் தள்ளுபடி' சேர்ந்தால் விளம்பரம். வரி வந்தால் எல்லா விளம்பரமும் சேவை வேஷம் போடும். வாசகத்தை ஒவ்வொன்றாக யார் படித்துப் பார்ப்பது?

உண்மையான தொல்லை டிஎல்டிக்குள்ளேயே வருவதில்லை. 2022ல் ஊரெல்லாம் சுற்றியதே, 'இன்றிரவு 9.30 மணிக்கு உங்கள் மின் இணைப்பு துண்டிக்கப்படும், இந்த அதிகாரியைக் கூப்பிடுங்கள்' என்று. அது சாதாரணப் பத்து இலக்க நம்பரிலிருந்து வந்தது. அவன் ஒரு பைசா வரி கட்ட மாட்டான். ஒழுங்காகப் பதிந்தவன்தான் கட்டுவான்.

ராயபுரம்_ரீசார்ஜ்
கம்பெனிக்காரன்லாம் வாட்ஸ்அப்புக்குப் போயிட்டான் சார். நீல டிக் போட்ட நகைக்கடை, துணிக்கடை எல்லாம் அங்கதான். இங்க வரி போட்டா மிச்சம் இருக்கறவனும் ஓடிருவான்.

தணிகை_பெரம்பூர்
இது எனக்குத்தான் சாதகம். வாட்ஸ்அப்பில் ஒரு விளம்பரம் அனுப்ப எஸ்எம்எஸ்ஸைப் போலப் பல மடங்கு ஆகிறது. அதையே கொடுக்கத் தயாராக இருப்பவன் 5 பைசாவுக்கா ஓடுவான்? அந்த விளம்பரத்துக்கும் சேர்த்துப் போட்டால் போயிற்று.

மாம்பலம்_ஆடிட்டர்
வாட்ஸ்அப் பக்கம் கை வைத்தவர்கள் கதை தெரியுமா? லெபனான், 2019 அக்டோபர். இணைய அழைப்புகளுக்கு நாளைக்கு 20 சென்ட், மாதம் 6 டாலர் வரை என்று அறிவித்தார்கள். அன்றைக்கே ஜனம் தெருவுக்கு வந்தது. சில மணி நேரத்தில் வாபஸ் வாங்கியும் நிற்கவில்லை, இரண்டு வாரத்துக்குள் பிரதமர் ஹரிரி ராஜினாமா செய்தார். உகாண்டாவில் 2018 ஜூலையிலிருந்து சமூக ஊடகத்துக்கு நாளைக்கு 200 ஷில்லிங். பலர் இருக்கும் இடத்தை மறைக்கும் விபிஎன் ஆப் போட்டுத் தப்பினார்கள். 2021ல் அதை எடுத்துவிட்டு இணைய டேட்டாவுக்கு 12 சதவீதம் என்று மாற்றினார்கள்.

தணிகை_பெரம்பூர்
இரண்டுமே பேசுகிற ஜனங்கள் மீது போட்ட வரி சார். நான் கேட்பது அனுப்புகிற கம்பெனியிடம். லெபனானில் மற்ற கோபங்கள் ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருந்தன, அதையும் சொல்லுங்கள். 1,825 கோடி சின்னத் தொகை என்றால் அதை எங்கள் பேட்டைக்கு வந்து சொல்லுங்கள். மழை விட்டு மூன்று நாளாகியும் ஜமாலியாவில் தண்ணீர் நிற்கும்.

வருமானம் வராவிட்டால் மெசேஜ் குறைந்திருக்கும், அதுவும் லாபம்தான்.

மாம்பலம்_ஆடிட்டர்
அப்படியானால் பட்ஜெட்டில் எந்தத் தொகையை எழுதுவார்கள்? மெசேஜ் குறைய வேண்டும் என்றால் வசூல் குறையும். வசூல் வேண்டும் என்றால் நிதித்துறையே 'இன்னும் நாலு லோன் மெசேஜ் அனுப்புங்கப்பா' என்று வேண்டிக்கொள்ளும். டாஸ்மாக் ஊரில் இருந்துகொண்டு இதை நான் விளக்க வேண்டுமா?

மீனா_திருவொற்றியூர்
விளம்பரத்துக்கு மட்டும், வாடிக்கையாளரிடம் வசூலிக்கக் கூடாது என்று எழுத்தில் இருந்தால் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் அதற்கு முன்னால் அந்த 17.70ஐக் கவனியுங்கள். உபயோகத்துக்கு ஏற்றபடிதான் எஸ்எம்எஸ் கட்டணம் வாங்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2013லேயே சொல்லியாயிற்று. ஆறு மெசேஜுக்கு 15 ரூபாய் எந்த உபயோகம்? கிளையில் கேட்டால் 'சிஸ்டம் எடுக்கிறதும்மா' என்கிறார்கள். ஆடிட்டர் சார், இதற்கு ஒரு புகார் எழுதினால் எங்கே அனுப்புவது, அதைச் சொல்லுங்கள்.

மாம்பலம்_ஆடிட்டர்
முதலில் வங்கிக்கே எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள், மேடம். 30 நாளில் பதில் வராவிட்டாலும், வந்த பதில் சரியில்லாவிட்டாலும் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஆம்புட்ஸ்மனுக்கு இணையத்திலேயே போடலாம், கட்டணம் கிடையாது. பாஸ்புக்கில் 17.70 விழுந்த பக்கங்களை எல்லாம் ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ராயபுரம்_ரீசார்ஜ்
மேடம், எங்க அப்பா பாஸ்புக்லயும் அதே 17.70 இருக்கு. நீங்க எழுதினத இங்க போடுங்க, பேர மாத்தி நானும் குடுக்கறேன்.