லெட்வில் 100 ஒத்த கியர்ல: ஓட்டுனதா, தள்ளுனதா?

ஒத்தப்பல்லு:
நேத்து டயர் காத்து பத்தி பேசிட்டிருந்த இடத்துல கியர்மணி சம்பந்தமே இல்லாம ஒண்ணு எழுதுனாரு: “சிங்கிள்ஸ்பீடுல, அதாவது ஒரே கியர் சைக்கிள்ல, லெட்வில் முடிச்சேன்னு சொல்றவன் பாதி மலைய தள்ளிக்கிட்டு நடந்தவன், அதுக்குப் பேரு ரேஸ் இல்ல, வாக்கிங்.” ராத்திரி பூரா இதுதான் மண்டைக்குள்ள ஓடுது. லெட்வில் 100ங்கிறது 100 மைல் மலைச் சைக்கிள் ரேஸ். அமெரிக்காவுல கொலராடோவுல 10,000 அடிக்கு மேல இருக்குற ஊரு, காலைல 6:30க்கு துப்பாக்கி வெடிச்சதும் கெளம்பி, 100 மைலும் முன்னாடி 32 பல்லு பின்னாடி 20 பல்லுன்னு ஒரே கியர்ல போயி 11 மணி 38 நிமிஷத்துல முடிவுக் கோட்டத் தாண்டுனவன் நான். 12 மணி நேரத்துக்குள்ள வந்தாத்தான் பரிசா பெல்ட் பக்கிள். வாங்கிட்டு வந்தேன், அலமாரியில இருக்கு. இத வாக்கிங்னு சொல்ல எப்படிங்க வாய் வருது?

கியர்மணி:
நேரத்தயா கேட்டேன்? தள்ளுனது எத்தன கிலோமீட்டர்? அத மட்டும் சொல்லுங்க.

ஒத்தப்பல்லு:
கொலம்பைன் ஏத்தத்துல மேல்பாதி யாருங்க ஓட்டுறாங்க? ட்வின் லேக்ஸ் 9,200 அடி, அங்கேருந்து ஒரே ஏத்தமா 12,400 தாண்டிப் போவுது. மரமெல்லாம் முடிஞ்சு வெறும் கல்லா கெடக்குற எடத்துல ஒரே வரிசையா எல்லாரும் இறங்கித்தான் போறாங்க, 12 கியர் வச்சிருக்கவனும் இறங்கித்தான் போறான். முன்னாடி ஒருத்தன் கால ஊனுனா பின்னாடி வர்ற அத்தன பேரும் ஊனியாகணும். மேல ஆக்சிஜன் வெறும் 13 சதவீதம், மூச்சு விடறதே பெரும்பாடு.

மலைக்காத்து:
13 சதவீதம் இல்ல. எங்க போனாலும் காத்துல ஆக்சிஜன் 21 சதவீதம்தான். மேல போகப் போக குறையிறது காத்தழுத்தம். அந்த உயரத்துல கடல்மட்டத்துல இருக்குறதுல மூணுல ரெண்டு பங்குக்கும் கொஞ்சம் கம்மி. தப்பா எழுதாதீங்க.

ஒத்தப்பல்லு:
நுரையீரலுக்கு ரெண்டும் ஒண்ணுதான் சார்.

மலைக்காத்து:
ஒண்ணு இல்ல. ஆக்சிஜன் குறையிதுன்னு நெனச்சுதான் ஆயிரக்கணக்குல குடுத்து மலை உயரத்துக்குப் பழக்குற மாஸ்க் வாங்கி மாட்டிக்கிட்டு ஓடுறானுங்க. மாஸ்க் மாட்டுனா அழுத்தம் குறையுமா?

கியர்மணி:
மாஸ்க் பேச்ச தனியா வச்சுக்குங்க. கிலோமீட்டர் இன்னும் வரல.

சங்கிலிக்கருப்பன்:
நான் கணக்கு போட்டுட்டேன். 29 இஞ்ச் சக்கரம் ஒரு சுத்துக்கு சுமாரா 2.3 மீட்டர். 32க்கு 20ன்னா பெடல் ஒரு சுத்துக்கு 3.7 மீட்டர் போவும். செங்குத்தான எடத்துல மணிக்கு 5 கிலோமீட்டர் வேகம்னு வைங்க, காலு நிமிஷத்துக்கு 23 சுத்துதான் சுத்தும். அதே எடத்துல பின்னாடி 52 பல்லு சக்கரம் போட்டவனுக்கு 59 சுத்து. 23ங்கிறது பெடல் பண்றது இல்ல, ஒவ்வொரு மிதிக்கும் படி ஏறுற மாதிரி. முட்டி என்னத்துக்கு ஆவும்?

கியர்மணி:
நன்றி கருப்பா. 23 சுத்துல ஒருத்தன் எவ்ளோ தூரம் போவான்? இறங்கித்தான் ஆவணும். இதத்தான் நேத்துலேருந்து சொல்றேன்.

ஒத்தப்பல்லு:
கணக்க பாதியில நிறுத்திட்டு நன்றி சொல்றீங்களே, மீதிய யாரு போடுறது? நானே போடுறேன். பைப்லைன் பக்கம் சமதளமா வர்ற எடத்துல 90 சுத்து சுத்துனாலும் அந்த கியர்ல மணிக்கு 20தான் வரும், 110 சுத்துனா 24. கியர் வச்சவன் கூட்டமா ஒருத்தன் பின்னாடி ஒருத்தன் ஒட்டிக்கிட்டு 30ல போறான், நான் காத்துல தனியா பொம்ம மாதிரி கால சுத்திக்கிட்டு கெடக்கேன். சிங்கிள்ஸ்பீடுல நேரம் போறது மேட்டுல இல்ல, சமதளத்துல. இத ஓட்டிப் பாத்தவனுக்குத்தான் தெரியும். மேட்டுல உக்காந்துகிட்டு உருட்டவே முடியாது, எந்திரிச்சு நின்னு வேகத்த விடாம அடிக்கணும், இல்லன்னா இறங்கணும், நடுவுல ஒண்ணு கெடையாது. செயின்ட் கெவின்ஸ் ஏத்தத்துல நான் தாண்டிப் போனவங்க எல்லாம் கியர் வச்சவங்கதான், ஏன்னா அவங்களுக்கு மெதுவா போக வழி இருக்கு, எனக்கு இல்ல. அப்புறம் தள்றது குத்தம்னா சைக்ளோகிராஸ்னு சேத்துல ஓட்டுற ரேஸ்ல சைக்கிள தோள்ல தூக்கிட்டு ஓடுறாங்களே, அவங்கள எல்லாம் ஓட்டப்பந்தயத்துல சேத்துருவீங்களா? லெட்வில்ல நடக்கக் கூடாதுன்னு ஒரு விதி காட்டுங்க பாப்போம். சிங்கிள்ஸ்பீடுக்குன்னு தனிப் பிரிவே வச்சிருக்காங்க.

கியர்மணி:
விதி கேக்கல. சைக்ளோகிராஸ் கேக்கல. கொலம்பைன்ல எவ்ளோ, திரும்பி வர்றப்ப பவர்லைன் ஏத்தத்துல எவ்ளோ? நான் 10 மணி 52 நிமிஷம், மொத்தமா 2 கிலோமீட்டர்தான் தள்ளுனேன், கூச்சமில்லாம சொல்றேன். நீங்களும் சொல்லுங்களேன்.

பொடிநடை:
சைக்கிள் வீரர் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங் 2009ல இதே ரேஸ 6 மணி 28 நிமிஷத்துல முடிச்சாரு, கடைசியில பின் டயர் காத்து போயிக்கிட்டே இருந்துச்சு. அப்படி இருக்கணும்.

மலைக்காத்து:
ஊக்கமருந்து போட்டேன்னு 2013ல டிவியில ஒத்துக்கிட்ட ஆளு உதாரணமா? 2003லேருந்து 2008 வரைக்கும் லெட்வில்ல வரிசையா 6 தடவ ஜெயிச்ச டேவ் வீன்ஸ் பேரு உங்க வாயில வராதா? 2008ல இதே லான்ஸ தோக்கடிச்சவரு.

பொடிநடை:
டயர் காத்து போனது மருந்துனாலயா சார்? சொன்னது அத மட்டும்தான்.

ஒத்தப்பல்லு:
ரெண்டு பேரும் வெளிய போயி சண்ட போடுங்க. கியர்மணி, 1982ல கிளைமாக்ஸ் சுரங்கத்துல வேல போயி ஊரே நொடிஞ்சப்ப, சனங்க வந்து தங்கட்டும்னுதான் 1983ல அங்க 100 மைல் ஓட்டப்பந்தயம் ஆரம்பிச்சாங்க, 1994ல சைக்கிள் வந்துச்சு. கால்ல ஓடுறதுலேருந்து பொறந்த பந்தயம் இது. அங்க போயி நடந்தவன கேவலமா பேசுறீங்க.

கியர்மணி:
வரலாறு நல்லா இருக்கு. நம்பர்?

சங்கிலிக்கருப்பன்:
பல்லு அண்ணே, பேச்சோட பேச்சா கேட்டுக்குறேன், 2022ல எங்கிட்ட வாங்கிட்டுப் போன, பின் சக்கரத்து ஃப்ரீவீல் (பல்சக்கரம்) கழட்டுற டூல் எங்க? ரேஸுக்கு மொத நாள் ராத்திரி அவசரம்னு போன் பண்ணீங்க, எந்திரிச்சு வந்து குடுத்தேன்.

ஒத்தப்பல்லு:
அந்த டூலோட பல்லு ஏற்கனவே மழுங்கி இருந்துச்சு கருப்பா, என் ஃப்ரீவீல்ல மரை போச்சு. அத நான் யார்கிட்டயும் சொல்லல.

சங்கிலிக்கருப்பன்:
இப்ப சொல்லிட்டீங்கல்ல. புது டூல் அது. மேசையில இருக்குற வைஸ் இடுக்கியில புடிக்காம கையாலயே திருப்புனா மழுங்கத்தான் செய்யும்.

ஒத்தப்பல்லு:
சரி, எல்லாரும் கேட்டுக்குங்க. பவர்லைன்ல 80வது மைல் கிட்ட, வெயில்ல, கால் ரெண்டும் தசை புடிச்சு, வயித்துல ஒண்ணும் நிக்காம, சைக்கிள் மேல சாஞ்சு ஒவ்வொரு அடியா வச்சேன். அப்பவும் என்னச் சுத்தி தள்ளுனவங்க அத்தன பேரு சைக்கிள்லயும் கியர் இருந்துச்சு. அவங்க யாரயும் நீங்க வாக்கிங்னு சொல்லல. என்ன மட்டும் சொன்னீங்க. அடுத்த ஆகஸ்டுக்கு மறுபடியும் பேரு குடுத்திருக்கேன். பின்னாடி 21 பல்லு போடப் போறேன், வந்து பாருங்க.

கியர்மணி:
21ஆ? அப்ப 20ல ஓட்ட முடியலன்னு நீங்களே சொல்லிட்டீங்க.

ஒத்தப்பல்லு:
முட்டிக்கு 47 வயசாவுது, அதுக்கு 21. இதுக்கும் தள்ளுனதுக்கும் முடிச்சு போடாதீங்க.

கியர்மணி:
20ல எத்தன கிலோமீட்டர்னு தெரிஞ்சாத்தானே 21ல எவ்ளோ குறையும்னு பாக்கலாம்?

மலைக்காத்து:
அந்த 13 சதவீதத்த இன்னும் திருத்தல.

சங்கிலிக்கருப்பன்:
21 பல்லு மாட்டணும்னாலும் அந்த டூல் வேணும் அண்ணே. எங்கிட்ட வராதீங்க.