இதயக் காந்தப்புலக் கருவி பேட்டன்ட்: 3(ஐ) ஆட்சேபம்

கேள்வி: இதயத்தின் காந்தப்புலத்தை அளக்கும் எங்கள் கருவிக்கான விண்ணப்பத்துக்குக் காப்புரிமை அலுவலகத்தின் முதல் ஆய்வு அறிக்கை (ஆட்சேபங்களைச் சொல்லும் கடிதம்) வந்திருக்கிறது. இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் பிரிவு 3(ஐ)-ன்படி நோயறியும் முறைக்குக் காப்புரிமை இல்லையாம். மூன்று வருட உழைப்பு, மனசு கனக்கிறது. கருவிக்குமா கிடைக்காது?

பதில் 1: பயப்படாதீங்க. அந்தப் பிரிவு முறையைத்தான் தடுக்கிறது, கருவியை அல்ல. உங்கள் முதல் கிளெய்மே (எதற்கு உரிமை வேண்டும் என்று சொல்லும் வாசகம்) "நோயைக் கண்டறியும் முறை" என்றுதானே தொடங்குகிறது? அதை நீக்கிவிட்டு சென்சார், கவசம், சுருள் அமைப்பு என்று கருவி கிளெய்ம்களை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் பிரிவு 59 இருக்கிறது, பழைய கிளெய்ம்களின் எல்லையைத் தாண்டித் திருத்த முடியாது.

பதில் 2: 3(ஐ)-ஐ விடப் புத்தாக்கப் படிதான் (துறை வல்லுநருக்கு எளிதில் தோன்றாத முன்னேற்றம் என்று காட்டுவது) கஷ்டம். 1963-லேயே பௌலி, மெக்ஃபீ என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் லட்சக்கணக்கான சுற்று கொண்ட சுருளால் இதயப் புலத்தை அளந்துவிட்டார்கள், அதனால் அளப்பது மட்டும் புதுமை ஆகாது. பூமியின் புலம் சுமார் 50 மைக்ரோடெஸ்லா, இதயத்தினுடையது சில பத்து பிக்கோடெஸ்லாதான் (மைக்ரோவில் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் பிக்கோ), வெளியிலிருந்து வரும் அந்தப் பெரிய புலத்தின் குறுக்கீட்டை எப்படி அடக்கினீர்கள் என்பதை அளவீடுகளோடு எழுதுங்கள்.

கேட்டவர்: நல்லவேளை, பழைய கிளெய்ம்களிலேயே கருவி கிளெய்ம் பதினொன்றாவதாக இருக்கிறது!

பதில் 1: அப்போ சரி. பதில் தர அறிக்கைத் தேதியிலிருந்து ஆறு மாதம்தான், உடனே ஆரம்பிங்க.